பின்கதவில் ஐந்து துளி

கறை எடுப்பது என் தொழில். நாற்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். காக்காய் எச்சம், ரோட்டுத் தார், மாமரத்துப் பிசின், ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம், பக்கத்து வீட்டுக்காரன் வயிற்றெரிச்சலில் சாவியால் இழுத்த கோடு, எதுவானாலும் ராயப்பேட்டை லாரன்ஸிடம் கொண்டுவந்தால் போய்விடும். பீற்றிக்கொள்ளவில்லை. வேண்டுமானால் பீட்டர்ஸ் ரோட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் என் பெயர் எந்தக் காரிலும் கிடையாது. சுவரில் விளம்பரம் எழுதுகிறவன்கூட மூலையில் தன் பெயரும் போன் நம்பரும் போட்டுக்கொள்கிறான். ஆட்டோவுக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் போடுகிறான். கார் பாலிஷ்காரன் போட முடியுமா? பானெட்டில் லாரன்ஸ் என்று எழுதிவைத்தால் செருப்பால் அடிப்பார்கள். நல்ல பாலிஷ் என்றால் ஒருத்தன் கை பட்டதே தெரியக் கூடாது. அது என்ன நியாயம் என்று யாராவது சொல்லுங்கள். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. சாவதற்குள் ஒரே ஒரு இடத்தில், ஒரு போர்டில், என் பெயரைப் பார்த்துவிட வேண்டும். ஆசை என்று சொல்லலாம். என் பெண்டாட்டி ஃப்ளோரன்ஸ் அதைப் பைத்தியம் என்கிறாள்.

அந்தப் பைத்தியத்தை மோப்பம் பிடித்துத் தூண்டில் போட்டவர் மந்தைவெளி கல்யாணராமன் சார்.

ரிட்டயரான பேங்க் ஆபீசர். அவருடைய தாத்தா வக்கீல் வெங்கடரமணன் வாங்கிய 1951 ஆஸ்டின் கார் ஒன்று வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கிறது. ஐவரி நிறம். கம்பெனியில் அடித்த பெயிண்ட், அதற்கு மேல் யாரும் பிரஷ்ஷே வைக்கவில்லை. அப்படி ஒரு வண்டியைப் பார்த்து எனக்கு இருபது வருஷம் ஆகிறது. பார்த்ததும் கை பரபரத்தது.

"கீழமாந்தூர் சபேச பாகவதர் தெரியுமோன்னோ?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

ஒரு கணம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மகாவித்வான்பா. அவர் ஏறின கார் இது. இந்த மார்கழி அவருக்கு நூத்தி இருபத்தஞ்சாவது வருஷம். சபாவுல பெரிய விழா. வாசல்ல பந்தல் போட்டு இந்தக் காரை நிறுத்தப்போறா. பக்கத்துல போர்டு. அதுல கார் எங்காத்துதுன்னு இருக்கும். பாலிஷ் வேலை யாருன்னு உன் பேரையும் போடச் சொல்றேன்."

"போர்டுலயா சார்?"

"ஏ. லாரன்ஸ், ராயப்பேட்டை. கொட்டை எழுத்துல."

அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். கூலி என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒரு கண்டிஷன்," என்றார். "புதுப் பெயிண்ட் ஒரு சொட்டு படப்படாது. எல்லாம் ஒரிஜினலா இருக்கணும். ஆனா ஒரு பொட்டுக் கறை இருக்கப்படாது. கண்ணாடி மாதிரி முகம் தெரியணும்."

அவர் மனைவி சூடாமணி மாமி பின்கட்டு வாசலில் நின்றுகொண்டு அதையே இன்னொரு தரம் சொன்னார். "ஆமாம்பா, ஒரு கறை இருக்கப்படாது. நாலு பெரிய மனுஷா வந்து பாக்கற வண்டி."

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், இரண்டு தரம்.

எழுபது வயதுப் பெயிண்ட் வெங்காயத் தோல் மாதிரி. மிஷினை வைத்தால் உரிந்து அடியில் இருக்கும் பிரைமர் பல்லைக் காட்டும். அதனால் மிஷினைத் தொடவே இல்லை. தண்ணீர், சோப்பு, பிறகு மெலிசான காம்பவுண்ட் பசை, பழைய பனியன் துணி, பெருவிரல். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மணி நேரம். எங்கே பெயிண்ட் மெலிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குச் சூடு ஏறும்போது தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கடைசியில் மெழுகு. அந்த வண்டிக்கு என் பெண்ணின் கல்யாணத்துக்குக்கூடப் படாத பாடெல்லாம் பட்டேன்.

தினமும் பதினோரு மணிக்கு மாமி காபி கொடுப்பார். நல்ல காபி, குறை சொல்ல மாட்டேன். பேப்பர் கப்பில் ஊற்றிக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு, "லாரன்ஸ், காபி" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். கொரோனா காலத்தில் ஆரம்பித்ததாம். "ஹைஜீன்பா, தப்பா நெனச்சுக்காதே," என்றார். கொரோனா போய் எத்தனையோ நாளாகிவிட்டது. கூரியர்காரன், பிளம்பர், நான், எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அந்த வீட்டில் கொரோனா இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டு மாமா வந்தால் டவரா டம்ளர்தான். அதையும் அவர்கள் வாய் படாமல் தூக்கித்தான் குடிப்பார்கள்.

ஃப்ளோரன்ஸிடம் சொன்னேன். "உன் வாய் இன்னா சாக்கடையா? நீ இன்னாத்துக்கு அத்த வாங்கிக் குடிக்கிற?" என்று சாமான்களை டமார் டமார் என்று போட்டாள்.

"போர்டுல பேரு வரப்போவுதுடி."

"போர்டு! வெச்சிகினு நாக்கு வழி."

மூன்றாவது வாரம் இடது பக்கப் பின்கதவுக்கு வந்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு கறை. செம்மண் நிறம், ஒரு சாண் நீளம், வால் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மூன்று துளிகளாக முடிந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வெற்றிலை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு வண்டி மேல் துப்ப எவனுக்கு மனசு வந்தது? வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு, பெயிண்டைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. என் நாற்பது வருஷ வித்தையையும் அந்த இடத்தில் இறக்கினேன். அரை நாள் ஆனது. கறை போன தடம்கூட இல்லை. அந்த வண்டியிலேயே நான் செய்த உன்னதமான வேலை அதுதான்.

பெருமை தாங்காமல் கல்யாணராமன் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், இந்தக் கதவப் பாருங்க. எவனோ பேமானி வெத்தலையைப் போட்டு வண்டி மேலயே துப்பிட்டுப் போய்க்கிறான். இப்போ பாருங்க, உங்க மூஞ்சி தெரியுது."

குனிந்து பார்த்தார். முகம் தெரிந்தது. அந்த முகத்தில் ரத்தம் இல்லை.

"எங்கேடா?" என்றார். அதுவரைக்கும் அப்பா போட்டுத்தான் கூப்பிடுவார். "எங்கேடா அது?"

"எது சார்?"

"பாகவதர்!"

ஷெட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கதையைச் சொன்னார். பாகவதர் கடைசிக் கச்சேரி முடிந்து இந்தக் காரில்தான் திரும்பினாராம். லஸ் முனையில் வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாகத் துப்பினாராம். மறுநாள் டிரைவர் துடைக்கப் போனபோது வெங்கடரமணன் தாத்தா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் காரைக் கழுவுவார்களாம். வெள்ளிக்கிழமை தோறும் விடியற்காலையில் மாமி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். வித்வான்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம்.

"ஒரு வார்த்த சொல்லிக்கலாம் இல்ல சார்?"

"இதை என்னன்னுடா தனியா சொல்றது? மைலாப்பூர்ல எல்லாருக்கும் தெரியுமே!"

"நான் ராயப்பேட்ட சார்." எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்கதான சார் சொன்னீங்க, ஒரு பொட்டுக் கறை இருக்கக் கூடாதுன்னு? மாமியும் சொன்னாங்க."

"அது கறையாடா?" என்று கத்தினார்.

எனக்குக் கறைதான். நான் படித்தது எட்டாம் வகுப்பு.

உள்ளே போய் அழைப்பிதழை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார். வழவழப்பான அட்டை, தங்க நிற பார்டர். நடுவில் முழுப் பக்கத்துக்கு அந்தக் கறையின் போட்டோ. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார் எங்கே? பானெட் எங்கே, நான் மூன்று வாரமாக விரலைத் தேய்த்த மட்கார்டு எங்கே? ஒன்றும் இல்லை. துப்பலைப் பார்க்கத்தான் இத்தனை பேரும் வரப்போகிறார்கள். கார் அதற்கு ஸ்டாண்டு. 

"எட்டாயிரம் பேருக்கு அனுப்பியாச்சு," என்று மறுபடி தரையில் உட்கார்ந்தார். "இன்னும் ஒன்பது நாள்."

"அப்போ போர்டு சார்?"

கேட்ட பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மனுஷன் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், நான் போர்டைக் கேட்கிறேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது இருந்தாத்தான் கார். கார் இருந்தாத்தான் போர்டு. போர்டு இருந்தாத்தான் உன் பேரு. எப்படிப் பண்ணுவியோ தெரியாது லாரன்ஸ், எனக்கு அது வேணும்."

காரின் மேல் உறையைப் போட்டு மூடினோம். விழா வரைக்கும் தூசி படக் கூடாது, யாரும் திறக்கக் கூடாது என்று மாமியிடம் சொல்லிவைத்தார்.

முதலில் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். சிவப்பும் பிரவுனும் கலந்து, தின்னர் விட்டு, சின்ன ஸ்ப்ரே கன்னில் ஒரு பழைய கதவின் மேல் அடித்தேன். தத்ரூபம். கல்யாணராமன் சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஸ்ரீரஞ்சனி போன் செய்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பாகவதரைப் பற்றி ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர். மேடையில் எல்லோர் முன்னாலும் ஈரப் பஞ்சால் கறையின் ஓரத்தை ஒற்றி எடுத்து, சிவப்பு ஏறுவதைக் காட்டி, இது உண்மையான தாம்பூலம்தான் என்று நிரூபிக்கப் போகிறாராம். பெயிண்ட் பஞ்சில் ஏறாது. வெற்றிலைதான் ஏறும்.

போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்க வூட்ல யாராச்சும் வெத்தல போடுவாங்களா சார்?"

"எனக்குப் பல்செட்டுப்பா. மாமிக்குத் தெரியவே படாது." கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். "உன் பல்லெல்லாம் ஒரிஜினலா?"

"என் எச்சிலா சார்?" என்றேன் வெளிப்படையாக.

அவர் பின்கட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "காஞ்சுட்டா எச்சில் இல்லைப்பா," என்று மெதுவாகச் சொன்னார். "சாஸ்திரத்துல இடம் இருக்கு."

எந்த சாஸ்திரம் என்று நான் கேட்கவில்லை. என் கவலை வேறு. ஏழு வருஷத்துக்கு முன்னால் வாயில் ஒரு புண் வந்து, ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அது ஒன்றுமில்லை என்று வந்தால் வெற்றிலை போட மாட்டேன் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். ஒன்றுமில்லை என்று வந்தது. அன்றோடு விட்டேன்.

ஃப்ளோரன்ஸிடம் மறைக்க முடியாது. என் வாயைப் பார்த்தே என்ன தின்றேன் என்று சொல்கிறவள்.

"நான் முழுங்க மாட்டேன்டி. மென்னு துப்பறதுதான். முழுங்குனாதான தப்பு?"

"மாதாகிட்ட போட மாட்டேன்னு நேந்துகினியா, முழுங்க மாட்டேன்னு நேந்துகினியா? அப்பவே வக்கீல் வெச்சிப் பேசிக்கினு இருந்தியா?"

நான் முழுக் கதையையும் சொன்னேன். பாகவதர், தாத்தா, வெள்ளிக்கிழமை, கண்ணில் ஒற்றிக்கொள்வது. ஃப்ளோரன்ஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முகம் மெல்ல மாறியது.

"இரு இரு. உன் எச்சிய அந்த அம்மா தொட்டுக் கண்ணுல ஒத்திக்குமா?"

"அப்படித்தான் ஆவும்."

"பேப்பர் கப்புல காபி குடுக்குற அம்மா?"

"அதே அம்மாதான்."

கொஞ்ச நேரம் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் மாதாகிட்ட பேசிக்கிறேன். நீ போய் நல்லா மென்னு துப்பு."

எங்கள் தெரு முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் கரீமுல்லா என்னைப் பார்த்ததும், "இன்னாபா லாரன்ஸு, மாதா பெர்மிஷன் குட்த்துட்டாங்களா?" என்றான். கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு தூக்கலாக வாங்கினேன். பழைய கதவை நிற்கவைத்துத் துப்பிப் பார்த்தேன். நிறம் சரியாக வந்தது. ஆனால் நேராகக் கீழே வழிந்தது. போட்டோவில் இருப்பதோ பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. ஓடுகிற வண்டியிலிருந்து துப்பியது அல்லவா? வேறு வழியில்லை, வண்டியை ஓட்டியாக வேண்டும்.

மாமி காலைக் கச்சேரிக்குப் போன நேரமாகப் பார்த்து வண்டியை எடுத்தோம். கல்யாணராமன் சார் ஓட்டினார். நான் பின்சீட்டில், இடது ஜன்னலோரம், பாகவதர் உட்கார்ந்த அதே இடத்தில், வாய் நிறைய வெற்றிலையோடு சாய்ந்து உட்கார்ந்தேன். ஏழு வருஷம் கழித்துப் போட்ட வெற்றிலை. கண்ணாடியில் சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.  என்னால் பேச முடியாது.

பட்டினப்பாக்கம் பக்கம் ரோடு காலியாக இருந்தது. "இப்போ!" என்றார். துப்பினேன். கடல் காற்று எதிர்ப்பக்கம் அடித்து, கதவில் ஒரு சொட்டுகூட விழாமல், அவ்வளவும் ஓரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

அந்த அம்மா எழுந்து நின்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டது. "யோவ் கஸ்மாலம்! காரு வெச்சிருந்தா எங்க வேணா துப்புவியா? மீன் விக்கிற எடம் கண்ணு தெரியல?" என்று வண்டியை மறித்துக்கொண்டு, முன்சீட்டுப் பக்கம் திரும்பி, "யோவ் டிரைவரு, உன் மொதலாளிக்கு நீயாச்சும் எடுத்துச் சொல்ல மாட்டியா?" என்றது.

கல்யாணராமன் சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கை கூப்பினார்.

"மன்னிச்சுக்கோம்மா. ஐயா தெரியாமப் பண்ணிட்டார்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த சிரிப்பில் மீதி வெற்றிலையை முழுங்கிவிட்டேன். மாதா மன்னிக்கட்டும்.

வண்டியைத் திருப்பி, காற்றுக்கு ஏற்றபடி மூன்றாவது தரம் துப்பியதில் சரியாக விழுந்தது. ஒரு சாண் நீளம், வால் பின்பக்கம், கச்சிதம். ஷெட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் வழியாக வரும் வெயிலை இரண்டு நாள் காட்டினேன். சுண்ணாம்பு பெயிண்டைக் கடித்துக்கொண்டு இறங்கியது. என் கையாலேயே பாலிஷ் போட்ட இடம் அரிக்கப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலித்தது.

ஒரே ஒரு கோளாறு. போட்டோவில் மூன்று துளி. எனக்கு ஐந்து விழுந்திருந்தது.

"ரெண்டு துளிதான சார், ரெண்டு நிமிஷத்துல எடுத்துடறேன்," என்று துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"தொடாதீங்கோ!"

டாக்டர் ஸ்ரீரஞ்சனி. விழாவுக்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். என் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தூரப் போட்டார். கதவுக்கு முன்னால் மண்டியிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணினார். கல்யாணராமன் சார் ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு," என்றார் அம்மையார்.  "சார், அஞ்சு துளி இருக்கு!"

"அது வந்து..." என்று இழுத்தார் சார்.

"இத்தனை வருஷம் அழுக்குல மறைஞ்சுண்டு இருந்திருக்கு! மூணு துளியை வெச்சு நான் என்ன எழுதினேன்? கடைசிக் கச்சேரியில பாகவதர் பல்லவியைத் திஸ்ர நடையில பாடினார், வண்டியிலயும் அந்த நடை அவர் மனசுல ஓடிண்டிருந்ததுன்னு எழுதினேன். தப்பு! அஞ்சுன்னா கண்ட நடை! சார், இது சங்கீத சரித்திரத்தையே மாத்தறது!" என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நீங்கதான் அழுக்கை எடுத்தவரா? கறையைத் தொடாம, அழுக்கை மட்டும் எடுத்திருக்கேளே, இது எப்பேர்ப்பட்ட கை!"

என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஏழு வருஷம் விட்ட வெற்றிலை மறுபடி ஒட்டிக்கொண்டுவிட்டது, வாயைத் திறந்தால் சிவப்பு தெரிந்துவிடும் என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

விழா அன்று ஃப்ளோரன்ஸ் இஸ்திரி போட்டுத் தந்த சட்டையோடு போனேன். அவளையும் கூப்பிட்டேன், "நான் வந்தா சிரிச்சுடுவேன்" என்று வர மறுத்துவிட்டாள். சபா வாசலில் பந்தல், வாழை மரம், மாவிலை. நடுவில் என் வண்டி. ஆமாம், என் வண்டிதான். மார்கழி வெயிலில் பானெட் தகதகவென்று நின்றது. பட்டுப் புடவைகளின் நிறமெல்லாம் அதில் தெரிந்தது. ஒருத்தராவது பானெட்டைப் பார்த்தார் என்று நினைக்கிறீர்களா? ஒரு மாமி குனிந்தார், எனக்கு உயிரே வந்தது. மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அத்தனை கூட்டமும் இடது பின்கதவில்.

போர்டு அந்தக் கதவுக்குக் கீழேயே இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார், குறை சொல்லக் கூடாது. கொட்டை எழுத்துதான்.

'மகாவித்வானின் தாம்பூல முத்திரை. இதைச் சிறிதும் தொடாமல் காத்துத் தந்தவர்: ஏ. லாரன்ஸ், ராயப்பேட்டை.'

இரண்டு தரம் படித்தேன். நாற்பது வருஷம் தேய்த்துத் தேய்த்துப் பெருவிரல் ரேகையே போய்விட்டது. ரேஷன் கடை மிஷினில் என் விரல் விழாது. அப்படிப்பட்டவனுக்கு, எதையும் தொடவில்லை என்று ஒரு போர்டு. தூக்கி எறியலாமா என்று இருந்தது. பிறகு கறையைப் பார்த்தேன், அதற்கு நேர் கீழே என் பெயரைப் பார்த்தேன். இந்த வண்டியில் முழுக்க முழுக்க என்னுடையது என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். படம் வரைகிறவன் படத்துக்குக் கீழே பெயர் போட்டுக்கொள்கிற மாதிரி சரியான இடத்தில்தான் போட்டிருந்தார்கள். போர்டு எழுதியவனுக்கு மட்டும் அது தெரியாது.

டாக்டர் ஸ்ரீரஞ்சனி முக்கால் மணி நேரம் பேசினார். பஞ்சால் ஒற்றினார். சிவப்பு ஏறியது. கைதட்டல் அடங்க நேரமானது. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, எச்சிலை லேபுக்கு அனுப்பி டி.என்.ஏ. எடுத்து வைக்கலாமே என்றார். "புனிதத்தைச் சுரண்டப்படாது!" என்று கல்யாணராமன் சார் போட்ட சத்தத்தில் மைக்கே கீச்சிட்டது. அவருடைய பக்தியைப் பார்த்து அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு ஒவ்வொருவராக வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சபா தலைவர், பாடகர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். சூடாமணி மாமி இரண்டு கையாலும் தொட்டு, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒற்றிக்கொண்டார்.  எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாகவும் இல்லை. பதினோரு மணியும் காம்பவுண்டுச் சுவரும் ஞாபகம் வந்தது.

"கல்யாணராமன் சார், நீங்க வாங்கோ, உங்காத்துச் சொத்து," என்று தலைவர் கூப்பிட்டார்.

சார் வந்தார். கதவுக்கு முன்னால் நின்றார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். கையை நீட்டினார், ஒரு விரலின் நுனியால் ஐந்தாவது துளியைத் தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு குழாய் எங்கே என்று பார்க்க ஆரம்பித்தார். காய்ந்துவிட்டால் எச்சில் இல்லை என்று சாஸ்திரத்தில் இருப்பது அவருக்கு அந்த நேரம் மறந்துபோயிருக்க வேண்டும்.

பந்தலை ஒட்டிய கேன்டீனில் காபி கொடுத்தார்கள். வரிசையாக டவரா டம்ளர். மாமி எனக்காகத் தேடிப்பிடித்து ஒரு பேப்பர் கப்பில் ஊற்றிக்கொண்டு வந்தார். "லாரன்ஸ், உன்னால எங்காத்து மானமே நிலைச்சுது. இந்தா, காபி."

நான் வாங்கவில்லை. "டம்ளர்ல குடுங்க மாமி," என்றேன். சத்தம் போடவில்லை. இருந்தாலும் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமிக்குப் புரியவில்லை. "ஹைஜீன்பா," என்று ஆரம்பித்தார்.

"டம்ளர்ல குடு!" குழாயைத் தேடிக்கொண்டிருந்த கல்யாணராமன் சார் அங்கிருந்து ஓடிவந்தார். "டம்ளர்லயே குடுடி! நானே கொண்டுவரேன்!" அவரே போய் டவரா டம்ளரை நிரப்பி, நுரை சிந்தாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன். ஆற்றினேன். டம்ளர் விளிம்பில் உதட்டை நன்றாக வைத்து, நிதானமாக, சூடாக, கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிக் குடித்தேன். காலையில் போட்ட வெற்றிலையின் சீவல் வாசனை இன்னும் வாயில் இருந்தது. காலி டம்ளரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

விளிம்பில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. கல்யாணராமன் சார் அதையும் பார்த்தார், பந்தலில் நின்ற காரின் கதவையும் பார்த்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.